ஜப்பான் இளவரசி ஐகோ: பிறப்பு, பள்ளி, படிப்பு, வேலை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இளவரசி ஐகோவைப் பற்றிப் பேச்செடுத்தாலே "அவர் ஏன் பட்டத்துக்கு வர முடியாது?" என்பதில்தான் வந்து நிற்கிறது. அதற்கும் கீழே பதில் இருக்கிறது. ஆனால் என்னைக் கேட்டால் அவர் படித்த கதைதான் அதைவிடச் சுவையானது. அதனால் பள்ளி, கல்லூரிக் கேள்விகளுக்குக் கொஞ்சம் நீட்டியே எழுதியிருக்கிறேன்.

ஐகோ யார்?

ஜப்பான் பேரரசர் நருஹித்தோ, பேரரசி மசாகோ தம்பதியின் ஒரே பிள்ளை. 2001 டிசம்பர் 1 அன்று டோக்கியோ அரண்மனை வளாகத்துக்குள் இருக்கும் மருத்துவமனையில் பிறந்தார். அப்போது தாத்தா அகிஹித்தோதான் பேரரசர். அப்பா பட்டத்து இளவரசர்.

பெற்றோரின் திருமணம் நடந்தது 1993 ஜூனில். எட்டு ஆண்டுக்கு மேல் காத்திருந்து பெற்ற பிள்ளை. 1999 கடைசியில் ஒரு கரு கலைந்த துயரமும் நடுவில் உண்டு. மசாகோ ஹார்வர்டில் படித்தவர், வெளியுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். 2002 ஏப்ரலில் செய்தியாளர்கள் முன்னால் மகளைப் பற்றிப் பேசும்போது, "பிறந்து வந்ததற்கு நன்றி" என்று குழந்தைக்குச் சொல்லத் தோன்றியதாகக் கூறிக் கண்கலங்கினார். இருபது வருடம் கழித்து 2022 மார்ச்சில் ஐகோ தன் முதல் செய்தியாளர் சந்திப்பில் அதற்குப் பதில் சொன்னார்: "என்னைப் பெற்றதற்கு நன்றி."

பெயருக்கு என்ன பொருள்? தோஷி நோ மியா என்றும் எழுதுகிறார்களே?

'ஐ' என்றால் அன்பு, 'கோ' என்றால் பிள்ளை. தோஷி நோ மியா என்பது அரச குழந்தைகளுக்குப் பெயரோடு சேர்த்துக் கொடுக்கும் பட்டப்பெயர். அதிலுள்ள 'தோஷி' எழுத்துக்கு மரியாதை என்று பொருள். இரண்டையும் சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் ஒரே வாசகத்திலிருந்து எடுத்தார்கள். பிறரிடம் அன்பு வைப்பவரிடம் பிறரும் அன்பு வைப்பார்கள், பிறரை மதிப்பவரைப் பிறரும் மதிப்பார்கள் என்பது அதன் கருத்து.

அரச வழக்கப்படி பேரரசரான தாத்தா தேர்ந்தெடுக்க வேண்டிய பெயரை இந்தக் குழந்தைக்குப் பெற்றோரே தேர்ந்தெடுத்தார்கள்.

குடும்பப் பெயர் என்ன?

கிடையாது. ஜப்பான் அரச குடும்பத்தில் யாருக்குமே குடும்பப் பெயர் இல்லை. மற்ற குடிமக்களின் குடும்பப் பதிவேட்டிலும் இவர்கள் இருக்க மாட்டார்கள். தனிப் பதிவேடு உண்டு. ஓட்டும் போடுவதில்லை.

பேரரசரின் ஒரே பிள்ளை. பிறகு ஏன் பட்டம் கிடைக்காது?

1947-இல் வந்த அரச குடும்பச் சட்டத்தின் முதல் விதியே, அரியணை ஆண் வழியில் வந்த ஆணுக்கே என்கிறது. ஐகோ பெண். அவ்வளவுதான் காரணம். இப்போது அரியணைக்கு உரிய வரிசையில் சித்தப்பா அகிஷினோ முதலில், அவர் மகன் ஹிசஹித்தோ அடுத்து, முன்னாள் பேரரசர் அகிஹித்தோவின் தம்பி ஹித்தாச்சி கடைசியில். மொத்தமே மூன்று பேர்.

சட்டம் மாறவே பார்க்கவில்லையா என்றால், பார்த்தது. 1965-இல் அகிஷினோ பிறந்த பிறகு அந்தக் குடும்பத்தில் ஆண் குழந்தையே பிறக்கவில்லை. பிரதமர் கொய்சுமி 2004 கடைசியில் ஒரு குழு அமைத்தார். ஆணோ பெண்ணோ மூத்த பிள்ளைக்கே பட்டம் என்று அது 2005 நவம்பரில் பரிந்துரைத்தது. ஐகோவுக்கு அப்போது நான்கு வயதுகூட நிறையவில்லை. மசோதா வரப்போகிறது என்ற நேரத்தில் அகிஷினோவின் மனைவி கருவுற்றார். 2006 செப்டம்பர் 6 அன்று ஹிசஹித்தோ பிறந்தார். 41 ஆண்டுக்குப் பிறகு ஓர் ஆண் குழந்தை! மசோதா அப்படியே கிடப்பில் போனது.

கருத்துக்கணிப்புகளில் ஜப்பானியரில் பெரும்பான்மையோர் பெண் பேரரசரை ஏற்கிறோம் என்றே சொல்லிவருகிறார்கள். 2024 அக்டோபரில் ஐ.நா.வின் பெண்கள் உரிமைக் குழுவும் அந்தச் சட்டத்தைத் திருத்தச் சொன்னது. ஜப்பான் அரசு அதைக் கடுமையாக ஆட்சேபித்தது.

இந்த வாதத்தில் எனக்கு உறுத்துவது ஒன்று. நடக்கப் பழகும் முன்பே அந்தப் பெண் ஒரு நாட்டின் விவாதப் பொருளாகிவிட்டார். "ஆண் வாரிசு எங்கே?" என்ற நெருக்கடி முதலில் விழுந்தது அம்மா தலையில். மசாகோ 2003 கடைசியிலிருந்து பொது நிகழ்ச்சிகளை விட்டு ஒதுங்கினார். மன அழுத்தத்தால் வந்த நோய் என்று அடுத்த ஆண்டு அறிவித்தார்கள். ஐகோவின் பள்ளிக் கதையைப் படிக்கும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

ஜப்பானைப் பெண்கள் ஆண்டதே இல்லையா?

ஆண்டிருக்கிறார்கள். எட்டுப் பெண்கள் பேரரசராக இருந்திருக்கிறார்கள். இருவர் இரண்டு முறை பட்டமேறியதால் கணக்கில் பத்து ஆட்சி. முதலாமவர் சுய்கோ, பட்டமேறியது 592-இல். கடைசி ஆள் கோ-சகுராமாச்சி, 18-ஆம் நூற்றாண்டு. பெண்களை எழுத்துச் சட்டத்தால் விலக்கியது 1889-இல்தான்.

எதிர்ப்பவர்கள் இங்கே ஒரு வேறுபாட்டைக் காட்டுவார்கள். அந்த எட்டுப் பேரும் தகப்பன் வழியில் அரச இரத்தம். அவர்களுக்குப் பிறகு பட்டம் மறுபடி ஆண் வழிக்கே திரும்பியது. 'பெண் பேரரசர்' வேறு, 'பெண் வழிப் பேரரசர்' வேறு. ஐகோ வந்தால் முதல் வகை. வெளியாள் ஒருவரை மணந்து அவருக்குப் பிறக்கும் பிள்ளை வந்தால் இரண்டாம் வகை. சண்டை உண்மையில் அந்த இரண்டாம் வகையைப் பற்றித்தான்.

எந்தப் பள்ளியில் படித்தார்?

மழலையர் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை ஒரே நிறுவனம்: கக்குஷூயின். 2006 ஏப்ரலில் மழலையர் பள்ளி, 2008-இல் தொடக்கப்பள்ளி, 2014-இல் பெண்கள் நடுநிலைப்பள்ளி, 2017-இல் உயர்நிலை, 2020-இல் பல்கலைக்கழகம். ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்கும்.

அரசவைப் பிரபுக்களின் பிள்ளைகளுக்காக 1847-இல் கியோத்தோவில் தொடங்கிய பள்ளி இது. 1877-இல் டோக்கியோவில் புதிதாக நிறுவினார்கள். போருக்குப் பிறகு 1947-இல் சாதாரணத் தனியார் பள்ளி ஆகிவிட்டது. இன்று தேர்வு எழுதி யாரும் சேரலாம். ஜப்பான் குழந்தைகள் முதுகில் மாட்டும் அந்தப் பெட்டி போன்ற தோல் பைக்கு மூலமே கக்குஷூயின்தான் என்பார்கள்.

அரச பிள்ளைகள் அங்கேதான் படிக்க வேண்டும் என்று இப்போது கட்டாயம் இல்லை. சித்தப்பா மகள் காகோ பாதியில் விலகி வேறு பல்கலைக்கழகம் போனார். ஹிசஹித்தோ கக்குஷூயின் பக்கமே போகவில்லை. 2025-இல் சுகுபா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பழைய பாதையில் கடைசிவரை நடந்தவர் ஐகோ.

பள்ளிக்குப் போகாமல் இருந்தாராமே, உண்மையா?

உண்மை. 2010 மார்ச்சில், இரண்டாம் வகுப்பு முடிகிற நேரத்தில், அரண்மனை அதிகாரி ஒருவரே அதை வெளியில் சொன்னார். வேறு வகுப்புப் பையன்கள் சிலரின் முரட்டுத்தனத்தால் குழந்தை பயந்துபோயிருக்கிறது, வயிற்றுவலி என்கிறது, பள்ளிக்கு வர மறுக்கிறது என்று. பள்ளித் தரப்போ ஐகோவைக் குறிவைத்து அடிதடி எதுவும் நடக்கவில்லை என்றது.

எட்டு வயதுக் குழந்தை பள்ளிக்குப் போக அழுவது எந்த வீட்டில் இல்லை? நம் வீடுகளில் அம்மா ஒரு வாரம் வாசல் வரை கொண்டுபோய் விடுவாள், ஆசிரியையிடம் ஒரு வார்த்தை சொல்லிவைப்பாள், சரியாகிவிடும். இங்கே அது தேசியச் செய்தி. மசாகோ மகளுடன் பள்ளிக்குப் போய் வகுப்பில் உடன் இருக்கத் தொடங்கினார். பொது நிகழ்ச்சிக்கு வர முடியாதவர் இதற்கு மட்டும் எப்படி வருகிறார் என்று வார இதழ்கள் கிழித்தன. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் நெடுநாள் போய்வந்தார். குழந்தை மெல்ல மெல்ல முழுநேரம் பள்ளியில் இருக்கத் தொடங்கியது.

2016 இலையுதிர் காலத்தில் மறுபடி ஒரு மாதத்துக்கு மேல் விடுப்பு. அப்போது வயது 14. உடல் களைப்பு என்றார்கள். மிகவும் மெலிந்து காணப்பட்டார். அதையும் கடந்து வந்தார்.

வீட்டில் எப்படி வளர்ந்தார்?

சின்ன வயதில் சுமோ பைத்தியம். மல்யுத்த வீரர்களின் பெயர்களை மடமடவென ஒப்பிப்பாராம். 2006 செப்டம்பரில் பெற்றோருடன் டோக்கியோவின் சுமோ அரங்குக்குப் போய் நேரில் பார்த்தார். அப்பா வயோலா வாசிப்பவர். மகள் செல்லோ எடுத்துக்கொண்டார், பள்ளி இசைக்குழுவிலும் வாசித்தார்.

வீட்டு விலங்குகள் எல்லாம் ஆதரவற்று மீட்கப்பட்டவை. யூரி என்ற நாய், மீ, செவன் என்ற பூனைகள்.

எனக்கு மிகவும் பிடித்தது பட்டுப்புழு கதை. ஜப்பானில் பேரரசியாக இருப்பவர் அரண்மனைக்குள் பட்டுப்புழு வளர்ப்பது மெய்ஜி காலத்திலிருந்து, அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, தொடரும் வழக்கம். ஐகோ மூன்றாம் வகுப்பில் பள்ளிப் பாடத்துக்காகப் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினார். பாடம் முடிந்தது, அவர் நிறுத்தவில்லை. முட்டை, புழு, கூடு, மறுபடி முட்டை என்று தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே வளர்த்தார். மசாகோ பேரரசி ஆவதற்குப் பல வருடம் முன்பே மகள் அந்த வேலையில் கைதேர்ந்துவிட்டார்!

அப்புறம் நீச்சல். கக்குஷூயின் ஆறாம் வகுப்பினரை நுமாசு கடற்கரைக்கு அழைத்துப்போய்க் கடலில் நீந்தவைப்பது பழைய வழக்கம். பையன்கள் இன்றும் சிவப்புக் கோவணம் கட்டித்தான் இறங்குவார்கள். 2013 கோடையில் ஐகோவும் போனார். 500 மீட்டர் நீந்தி முடித்தார். மூன்று வருடம் முன்பு வகுப்பறைக்குள் நுழையவே பயந்த குழந்தை என்பதால் அந்தச் செய்தி பலருக்கு இனித்தது.

அவர் எழுதிய ஹிரோஷிமா கட்டுரை என்ன?

2016 மே மாதம் நடுநிலைப்பள்ளிச் சுற்றுலாவில் ஹிரோஷிமா போனார். ஒபாமா அங்கே போனதும் அதே மாதம். அடுத்த ஆண்டு நடுநிலைப்பள்ளி முடிக்கும்போது, விடைபெறும் மாணவிகளின் கட்டுரைத் தொகுப்புக்காக அதைப் பற்றி எழுதினார். குளிர்காலக் காலையில் பள்ளி வாசலில் அண்ணாந்து பார்த்த மேகமற்ற வானத்தில் கட்டுரை தொடங்குகிறது. இந்த நீல வானமே அமைதியின் அடையாளம் என்று ஏன் தோன்றுகிறது என்று கேட்டுக்கொண்டே அணுகுண்டு நினைவகத்துக்குப் போகிறது. அன்றாடக் காரியங்களுக்கும் பிறர் காட்டும் கனிவுக்கும் நன்றி சொல்வதில்தான் அமைதி தொடங்கும் என்பது அவர் வந்து சேரும் இடம். 15 வயதுப் பிள்ளையின் எழுத்து. அரண்மனை அதை வெளியிட்டது, நாடே படித்தது.

வெளிநாட்டில் படித்திருக்கிறாரா?

2018 கோடையில் சுமார் மூன்று வாரம், பள்ளித் தோழிகளுடன் இங்கிலாந்தின் ஈட்டன் கல்லூரியில் கோடைப் பயிற்சி. அவ்வளவுதான். பெற்றோர் இருவரும் ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர்கள் என்பதால் மகளும் நீண்ட காலம் வெளியே போவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள், போகவில்லை.

அந்த மூன்று வாரம் ஒரு பாட்டாக மிஞ்சியது. ஆண்டு தோறும் ஜனவரியில் அரண்மனையில் கவிதை அரங்கேறும். ஒரே சொல்லைத் தலைப்பாகக் கொடுப்பார்கள், அரச குடும்பத்தாரும் எழுத வேண்டும். 2022-இன் தலைப்பு 'சன்னல்'. அதற்குத்தான் ஐகோ முதன்முதலாகப் பாட்டு கொடுத்தார். இங்கிலாந்துப் பள்ளியில் நின்றபோது உலகத்தை நோக்கி ஒரு சன்னல் திறக்கத் தொடங்கியது என்கிறது பாட்டு. பாட்டு வாசிக்கப்பட்டபோது அவர் அங்கே இல்லை. படிப்பு முக்கியம் என்று மாணவியாக இருந்தவரை அந்த அரங்குக்குப் போகவே இல்லை. முதலில் நேரில் போனது 2025-இல்.

பல்கலைக்கழகத்தில் என்ன பாடம்? ஆய்வு எதைப் பற்றி?

ஜப்பானிய மொழி, இலக்கியம். சேர்ந்தது 2020 ஏப்ரல், கொரோனா உச்சத்தில். வகுப்பெல்லாம் கணினித் திரையில். வளாகத்துக்குள் முதலில் கால் வைத்ததே அக்டோபரில்தான். முதல் மூன்று ஆண்டு பெரும்பாலும் வீட்டிலிருந்தே படித்தார். நான்காம் ஆண்டில்தான் எல்லோரையும்போல வகுப்புக்குப் போய்வந்தார்.

பட்ட ஆய்வேடு ஷிக்கிஷி என்ற கவிஞரைப் பற்றியது. இதைப் பலர் ஒரு வரியில் தாண்டிப்போகிறார்கள். எனக்கு அங்கேதான் நிற்கத் தோன்றுகிறது. ஷிக்கிஷி 12-ஆம் நூற்றாண்டுப் பெண். பேரரசர் கோ-ஷிராகாவாவின் மகள். பெயரோடு 'நைஷின்னோ' என்ற பட்டம் சேரும். பேரரசரின் மகளுக்கு உரிய அந்தப் பட்டம்தான் இன்று ஐகோவுக்கும். எண்ணூறு ஆண்டு இடைவெளியில், அதே பட்டம் உள்ள ஒரு பெண்ணை எடுத்து உட்கார்ந்து படித்திருக்கிறார்.

ஷிக்கிஷியைச் சிறுவயதிலேயே கியோத்தோவின் கமோ ஆலயத்தில் பணிசெய்ய அனுப்பினார்கள். மணமாகாத இளவரசிக்குரிய பணி அது. பத்து ஆண்டு அங்கே இருந்துவிட்டு உடல்நலம் குன்றித் திரும்பினார். பிறகு நாட்டைப் புரட்டிப்போட்ட உள்நாட்டுப் போர். அண்ணன் தம்பிகளில் ஒருவர் அதில் மாண்டார். 1201-இல் இறக்கும்வரை மணம் செய்துகொள்ளவில்லை. எழுதியவை எல்லாம் 31 அசைக் குறும்பாடல்கள். அவற்றில் புகழ்பெற்ற ஒன்று தன் உயிர் இழையைப் பார்த்துப் பேசுகிறது: அறுவதானால் இப்போதே அறுந்துவிடு, இன்னும் இருந்தால் காதலை மறைத்துவைக்கும் வலு எனக்குக் குறைந்துவிடும் என்று. புத்தாண்டுச் சீட்டாட்டத்தில் ஜப்பான் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் நூறு பாட்டுகளில் அதுவும் ஒன்று.

ஐகோ பட்டம் பெற்றது 2024 மார்ச்சில். அந்த ஜனவரியில் கொடுத்த பாட்டிலும் இதன் சாயல் இருந்தது: எத்தனையோ கடினமான காலங்களைத் தாண்டி வந்து பழம்பாடலின் சொற்கள் என்னுள் ஒலிக்கின்றன என்று.

மேற்படிப்புக்குப் போகாமல் ஏன் வேலைக்குப் போனார்?

சமூகநலத் துறையில் ஆர்வம், யாருக்காவது கொஞ்சம் உதவியாக இருக்க ஆசை என்றார். 2024 ஏப்ரல் 1 முதல் ஜப்பான் செஞ்சிலுவைச் சங்கத்தின் டோக்கியோ தலைமையகத்தில், தன்னார்வலர்களைக் கவனிக்கும் பிரிவில் வேலை. நிரந்தரப் பணி இல்லை. பொது நிகழ்ச்சிகளும் உண்டு என்பதால் ஒப்பந்தப் பணி. அந்தச் சங்கத்தின் கௌரவத் தலைவர் பேரரசிதான், அதாவது அம்மா. அதனால் முற்றிலும் அந்நியமான இடம் என்று சொல்லிவிட முடியாது.

பொது நிகழ்ச்சிகளில் என்ன செய்கிறார்?

2024 அக்டோபரில் சாகா மாவட்டத்துக்குத் தேசிய விளையாட்டு விழாவுக்காகத் தனியே போனார். வெளியூருக்கு அதுவே முதல் தனிப் பயணம். 2025 மே மாதம் நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நோத்தோ பகுதி. அந்த நவம்பரில் முதல் தனி வெளிநாட்டுப் பயணம்: தூதரக உறவின் 70-ஆம் ஆண்டுக்காக லாவோஸ்.

அவருக்கு எவ்வளவு பணம் வருகிறது?

தனியாக எதுவும் இல்லை. பேரரசர் வீட்டுக்கும் முன்னாள் பேரரசர் தம்பதிக்கும் சேர்த்து ஆண்டுக்கு 32 கோடியே 40 லட்சம் யென் ஒதுக்குகிறார்கள். அதற்குள் அவர் செலவும் அடக்கம்.

திருமணம் ஆனால் இளவரசிப் பட்டம் போய்விடுமா?

இன்றைய சட்டப்படி போய்விடும். குடிமகன் ஒருவரை மணக்கும் இளவரசி அரச குடும்பத்தை விட்டு வெளியேறியாக வேண்டும். சித்தப்பாவின் மூத்த மகள் மாகோ 2021-இல் அப்படித்தான் போனார். அரசு கொடுக்கும் தொகையையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நியூயார்க்கில் குடியேறினார். ஆள் குறைந்துகொண்டே வருகிறதே என்று, மணமான பின்னும் இளவரசிகள் குடும்பத்திலேயே இருக்கலாம் என ஒரு வல்லுநர் குழு 2021 டிசம்பரில் யோசனை சொன்னது. கணவருக்கும் பிள்ளைகளுக்கும் என்ன தகுதி கொடுப்பது என்பதில் கட்சிகளின் பேச்சு இழுத்துக்கொண்டே போனது.

ஐகோவிடம் இதை 2022-இல் கேட்டார்கள். சேர்ந்திருந்தால் இருவர் முகத்திலும் சிரிப்பு வர வேண்டும், அப்படி ஒருவர் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்.

அவருடைய அத்தை சாயாகோவும் 2005-இல் டோக்கியோ மாநகர அரசு ஊழியர் ஒருவரை மணந்து இளவரசிப் பட்டத்தை விட்டவர்தான். 2021 டிசம்பரில் ஐகோவுக்கு 20 வயது நிறைந்த விழா நடந்தபோது, கொரோனாவால் மக்கள் தவிக்கும் நேரத்தில் புதிய தலையணி செய்ய வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். வெளியே போன அத்தையிடம் அவருடைய பழைய தலையணி இருந்தது. அதை இரவல் வாங்கித்தான் ஐகோ அணிந்துகொண்டார்.